முப்பத்தொரு சிவப்புக் கோடுகள்

என் அக்கா மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் தொணதொணப்பு. ரயில் ஏன் தாமதம் என்று ஆறு வயதிலேயே நிலைய அதிகாரியிடம் போய்க் கேட்டவள். இப்போது பத்தாம் வகுப்பு. அவள் படிக்கும் பள்ளியிலேயே நான் எழுத்தர் என்பதால், பகலிலும் எனக்கு விடுதலை கிடையாது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் ஓர் இனத்தையே வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள். ஊருக்கே தெரியும், பாடப்புத்தகத்துக்கு மட்டும் தெரியாது. அந்த இனப்படுகொலையை எட்டாம் வகுப்பில் பாடமாக வைக்கச் சொல்லி அவளும் தோழிகள் நால்வரும் மனு மேல் மனுவாகப் போட்டார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தாங்கமாட்டார்கள், தவிர அதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் சம்பந்தமில்லை என்று பாடத்திட்டக் குழு பதில் அனுப்பியது. கடைசியில் ஒரே ஒரு முறை நேரில் வரச் சொன்னார்கள். அன்றும் தட்டிக்கழித்தால், அடுத்த புத்தகம் ஐந்து ஆண்டு கழித்துத்தான்.

"மாமா, அந்த வருஷத்து வருகைப் பதிவேடு வேணும்" என்று வந்து நின்றாள். முடியாது என்றேன். மதிய இடைவேளைதோறும் வந்து நின்றாள். பத்தாம் நாள் தாங்கமுடியாமல் பதிவறைச் சாவியைக் கொடுத்தேன். ஐவரும் தும்மித் தும்மித் தேடி எடுத்தார்கள்.

நானும் பிரித்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் முப்பத்தொரு பெயர்கள்மேல் சிவப்புக் கோடு, எல்லாம் ஒரே தேதியில். காரணம் என்ற கட்டத்தில், எனக்கு முன் என் நாற்காலியில் இருந்த யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'தொடர்ந்து வராததால் நீக்கம்.' பதினைந்து நாள் வராவிட்டால் அப்படித்தான் எழுதவேண்டும். நானும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

பைண்டிங்குக்குத் தவிர வேறு எதற்கும் பதிவேடு வெளியே போகக்கூடாது. பைண்டிங் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டு, வேலை போனால் போகட்டும் என்று நானே தூக்கிக்கொண்டு போனேன்.

குழுவில் ஏழு பேர், தலைவர் கல்வி அதிகாரி. எங்களுக்கு மூன்று நிமிடம். பொரிந்து தள்ளப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ பதிவேட்டைத் தலைவர் முன்னால் விரித்து, முப்பத்தொரு பெயர்களையும் நிதானமாகப் படித்தாள்.

"எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க தாங்கமாட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க ஐயா. இவங்க எல்லாரும் எட்டாம் வகுப்புதான்."

வாயை மூடு என்று எத்தனை நாள் அதட்டியிருக்கிறேன் இந்தப் பெண்ணை!

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இப்போது என்ன செய்யவேண்டும் என்று அவளையே கேட்டார்.

"முதல்ல இதைத் திருத்துங்க. பாடம் அதுக்கப்புறம்."

திருத்தத்தை எழுத்தர் எழுதவேண்டும், அதிகாரி ஒப்பமிடவேண்டும் என்பது விதி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேனாவைத் திறந்து, முதல் பெயருக்கு நேரே 'கொல்லப்பட்டார்' என்று எழுதினேன். தலைவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். இன்னும் முப்பது பெயர்கள் இருந்தன.