ரத்தப் பைச் சீட்டாட்டம்

தென் கொரியாவின் தேகு நகரத்து நர்சிங் கல்லூரியில் அந்தச் சீட்டாட்டத்தை உண்டாக்கியவள் யங்-ஓக். ஒப்பந்த ஆசிரியை, வயது நாற்பத்தேழு. ஆட்டம் எளிதுதான். ஒருத்தி நோயாளிச் சீட்டையும் ரத்தப் பைச் சீட்டையும் எடுத்து உரக்க வாசிக்க வேண்டும். பேர், பிறந்த தேதி, ரத்த வகை, எது ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் எதிரே இருப்பவள் மேஜையைத் தட்டி, "நிறுத்துங்க!" என்று கத்த வேண்டும். கத்தினால் பத்துப் புள்ளி. கத்தாவிட்டால் நோயாளி செத்தார், ஆட்டம் முடிந்தது.

பொழுதுபோக்குக்காகச் செய்ததல்ல அது. இருபத்து மூன்று வயதில், மூத்த நர்ஸ் மூன்றாம் படுக்கைப் பெரியவருக்கு வேறு யாருடைய ரத்தப் பையையோ மாட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். மூத்தவளிடம் எப்படிச் சொல்வது என்று எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரியவர் அன்று மாலையே போய்விட்டார். பாழாய்ப்போன மரியாதை! இந்தப் பிள்ளைகளாவது வாயைத் திறக்கட்டும் என்றுதான் வீட்டில் உட்கார்ந்து இருநூறு சீட்டுகளை வெட்டி ஒட்டினாள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் வாரத்தில் மா என்ற துறைத்தலைவி வகுப்பைப் பார்க்க வந்தார்.

"நானும் ஒரு கை பாக்கறேனே!" என்று உட்கார்ந்துவிட்டார். எதிரே சே-ரின். வகுப்பிலேயே கெட்டிக்காரி, தட்டித் தட்டியே மேஜைக்காலை ஆட வைத்தவள்.

மா இரண்டு சீட்டை எடுத்தார். "கிம் சுன்-ஜா. இதுவும் கிம் சுன்-ஜா. நோயாளி ஓ வகை, பை பி... அட, பேருதான் சரியா இருக்கே! அப்புறம் என்ன? ஏத்தியாச்சு!"

கிம் சுன்-ஜாக்களுக்கா ஆஸ்பத்திரியில் பஞ்சம்? சே-ரினின் கை உயர்ந்தது. பாதியில் நின்றது. மெல்ல இறங்கி மடிக்குப் போய்விட்டது.

"மேடம், கலக்கிட்டீங்க! உங்ககிட்ட நம்ம பருப்பு வேகுமா? நான் தோத்துட்டேன்," என்று சிரித்தாள். மேலதிகாரியோடு ஆடினால் தோற்றுக்கொடுப்பதுதானே மரியாதை. வகுப்பே கைதட்டியது.

மா திரும்பினார். "நல்ல ஆட்டம் டீச்சர். அடுத்த வருஷமும் நீங்களே நடத்துங்க. ஆமா, நான் சரியாத்தானே ஆடினேன்?"

சிரிப்பு அடங்கி, இருபது பிள்ளைகளும் யங்-ஓக்கின் வாயையே பார்த்தார்கள். சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சீ, இதற்கா இத்தனை வருஷம் தவித்தோம் என்று தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. எச்சிலை விழுங்கினாள்.

"சரியா ஆடினீங்க மேடம்," என்று சொல்லி, அந்த இரண்டு சீட்டுகளையும் எடுத்துக் கட்டுக்குள் சொருகினாள்.