அத்தான் அடைத்த ஓட்டை

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று யாரும் காத்துக்கொண்டு உட்கார வேண்டாம். அத்தானுக்கு நகராட்சி அலுவலகத்தில் வேலை. பிறந்தவர்களுக்கும் செத்தவர்களுக்கும் சான்றிதழ் கொடுக்கிற மேஜை. வீட்டில் ட்யூப்லைட் கண் சிமிட்டினால்கூட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டு, அவர் ஏறிய ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு "பாத்து, பாத்து" என்பார். ஐம்பது வயதுவரை அவர் ஸ்குரூ டிரைவரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவர்தான் ஒரு டாக்டர் வீட்டுக் கொல்லையில் கோழி அடைந்து கிடந்த காரை விலைக்கு வாங்கி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

"இந்தப் பழைய வண்டி எதுக்கு அத்தான்?"

"பழைய வண்டின்னு சொல்லாத. கிளாசிக்."

"பழசு எப்பலேருந்து கிளாசிக் ஆகும்?"

"உனக்குப் பொறாமை."

அன்றிலிருந்து தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. 'கிளாசிக் ஆபீஸ் போறாரு, கிளாசிக் தலைக்கு எண்ணெய் வெக்கல.' அதில் அவருக்குப் பெருமை வேறு.

காரை நிறுத்த இடம் வேண்டுமே. வீட்டை ஒட்டிய ஷெட் அக்காவின் தையல் கடை. மூன்று மெஷின், துணி வெட்டுகிற மேஜை, ஆளுயரக் கண்ணாடி, அளவெடுக்க ஒரு திரை. ஒவ்வொன்றும் அவள் தைத்துத் தைத்து வாங்கியது. நானும் அங்கேதான் பட்டன் கட்டி, ஓரம் அடித்துப் பிழைக்கிறேன். ஆகவே என் கோபத்தில் என் வயிறும் இருக்கிறது, ஒளிப்பானேன்?

"ஒரே மாசம்தாம்மா. வண்டி ஓட ஆரம்பிச்சதும் வாசல்ல நிறுத்திடுவேன். உன் இடம் உனக்கு" என்றார். அக்கா தலையாட்டினாள். கல்யாணம் ஆன நாளாக அவள் செய்துவரும் காரியம் அது. மெஷின்கள் ஹாலுக்கு வந்தன. மேஜை மொட்டை மாடிக்குப் போனது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்கவைத்து அளவெடுத்தால் எந்தப் பெண் திரும்ப வருவாள்? ஒவ்வொருத்தியாக வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

அத்தான் போனில் வீடியோ பார்த்தே மெக்கானிக் ஆனவர். எவனோ புரியாத மொழியில் பேசிக்கொண்டு போல்ட்டைக் கழற்றுவான், இவரும் கழற்றுவார். திரும்ப மாட்டுகிற இடம் வருவதற்குள் வீடியோ முடிந்துவிடும். கழற்றிய திருகாணிகளைப் போட்டு வைக்க அக்காவின் எவர்சில்வர் பாத்திரங்கள். ஒருநாள் எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகும் பாத்திரத்தில் ஒரு பிடி மிச்சம் இருந்தது.

"இதெல்லாம் எங்க போகணும் அத்தான்?"

"கம்பெனிக்காரன் தேவைக்கு மேல போட்டிருக்கான்" என்றார், கூசாமல்.

அப்படியும் வண்டி கிளம்பியது. தெருமுனைவரை போகும், இருமும், நின்றுவிடும். நானும் அக்காவும் தள்ளிக்கொண்டு வருவோம். பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். தெருமுனை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். தெருமுனை. அந்த முனையில் இருக்கிற இஸ்திரிக்காரர் எங்களைக் கண்டதும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளுவதற்குத் தயாராக வந்து நிற்பார். ஒரு மாதம் ஆறு மாதமானது.

அப்போதுதான் பள்ளிக்கூடச் சீருடை வேலை தேடி வந்தது. பள்ளியின் நிர்வாகி அம்மாள் திங்கட்கிழமை இடத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார். "நடமாட இடமில்லாம, ஹால் மூலையில வச்சுத் தைக்கிறவங்களுக்கு நாங்க குடுக்கறதில்ல" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். இது கிடைத்தால் வருஷம் முழுக்க மெஷின் ஓயாது. கிடைக்காவிட்டால் மெஷின்களை விற்றுவிட்டு உட்கார வேண்டியதுதான் என்று அக்கா வாய்விட்டே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஷெட்டு காலி. என் பொறுப்பு" என்றார் அத்தான்.

புதன்கிழமை தெருவே அதிர ஹார்ன் அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்து இறங்கினார். "கண்டுபுடிச்சிட்டேன்" என்றார். பெட்ரோல் டாங்க் மூடியில் காற்றுப் போக ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்குமாம். அது அடைத்துக்கொண்டால் டாங்கிலிருந்து பெட்ரோல் இறங்காதாம்.

"அடைச்சுக் கெடந்துது. மொத்த வியாதியும் அதுதான்."

"யாரு அடைச்சா?" என்றேன்.

அத்தான் மூடியைத் துடைத்தார். கார் வந்த முதல் வாரம் அந்த மூடியைப் பளபளவென்று தேய்த்து, "துருப்புடிச்சு ஓட்டை விழுந்திருக்கு பாரு" என்று பசை வைத்து அடைத்தவர் இவரேதான். என் கண்முன்னால் நடந்தது. தான் அடைத்ததைத் தானே குத்தித் திறந்துவிட்டு, அதை வீடு வீடாகப் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தார். கேட்கும்போது எனக்குத்தான் கூசியது.

எப்படியோ வண்டி ஓடுகிறது. அக்கா கண்ணாடியைத் துடைத்தாள், திரையைத் துவைத்துக் காயப்போட்டாள். வாய்க்குள் ஏதோ பாட்டுக்கூட ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலை மேஜையை இறக்கலாமென்று நான் போனால், கார் நாலு சக்கரமும் இல்லாமல் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

"ஓடுற வண்டிக்கு பிரேக் முக்கியமில்லையா? பிரிச்சிட்டேன். சாமான் வர நாளாகும்."

"நாளைக்கு அந்தம்மா வராங்களே அத்தான்."

"வரட்டுமே. வண்டியையும் பாத்துட்டுப் போகட்டும்."

மறந்துவிட்டார் என்றால்கூட மன்னித்திருப்பேன். மறக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. அதை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா காய்ந்த திரையை எடுத்து மடித்து வைத்தாள். திங்கட்கிழமை அவர் ஆபீஸ் கிளம்பி, தெரு திரும்பியதும், "அந்த ஸ்பேனரை எடுத்துட்டு வாடி" என்றாள். படுக்கையறைக் கட்டிலைப் பிரித்தோம். ஷெட்டில், காருக்கும் சுவருக்கும் நடுவே, மறுபடி மாட்டினோம். அவர் தலையணையை மட்டும் தட்டி அதன்மேல் வைத்தாள். பீரோ ஹாலுக்குப் போனது. அறைக்குள் மேஜையும் மெஷின்களும் கண்ணாடியும் திரையும் ஏறின. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

நிர்வாகி அம்மாள் வந்து நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். "இது தற்காலிகமா, இல்ல இதுதான் இடமா?"

"இனிமே இதுதான் இடம்" என்றாள் அக்கா.

மாதிரிச் சட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் வேடிக்கை பார்ப்பதற்கென்றே நான் வீட்டுக்குப் போகவில்லை. அத்தான் குதிப்பார், அக்கா முதல் தடவையாகத் திருப்பிக் கொடுப்பாள், கண் குளிரப் பார்க்கலாம் என்றிருந்தேன். அக்காவும் சொல்ல வேண்டியதையெல்லாம் அடுக்கித்தான் வைத்திருந்தாள். அத்தான் வந்தார். அறையை எட்டிப் பார்த்தார். ஷெட்டுக்குப் போனார். கட்டிலில் உட்கார்ந்து, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. வண்டி பக்கத்துலயே இருக்கலாம்" என்றார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் காருக்கு அடியில் போய்விட்டார்.

சாமான் இன்னும் வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு உள்ளே வருவார், சாப்பிட்டதும் ஷெட்டுக்குப் போவார். நேற்று நானும் அக்காவும் காலர் வெட்டிக்கொண்டிருந்தோம். யாரிடமோ போனில் பிரேக்கைப் பற்றிப் பேசி அவர் சிரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"சொரணை இருக்கா பாரு. பொண்டாட்டி வெளிய தள்ளினதுகூடத் தெரியல" என்று ஆரம்பித்தேன்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"உள்ள வரட்டுமான்னு கேப்பாருன்னு நெனச்சேன்டி. ஒரு தடவ. சும்மா பேச்சுக்காவது."

அத்தானைத் திட்ட எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. நேற்று மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல், வெட்டிய காலர்களை எடுத்து அடுக்கினேன்.