இரண்டாவது கேமரா

மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்காக, பட்டுப்புடவையில் நெசவுக் குறை இருக்கிறதா என்று பார்க்கும் மேஜையைச் செய்துகொண்டிருந்தோம். மேஜைக்கு மேலே இரண்டு வெப்கேமரா. இரண்டும் உள்ளங்கை அளவுள்ள ஒரு லினக்ஸ் குட்டிக் கணினியில் செருகியிருக்கும். பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஒரு வேலை முழுப் பொறுப்பாக என்னிடம் வந்திருந்தது. சனிக்கிழமை கடையில் ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் எதிர் மேஜைக்காரனிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி அம்மா சொல்லியிருந்தார்.

எதிர் மேஜைக்காரன் என் வயதுதான், திருவல்லிக்கேணிக்காரன். எதையும் எழுதிவைக்க மாட்டான். அவன் கை பட்டால் எதுவும் ஓடும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு கேமரா மட்டும் என்றால் படம் வந்தது. இரண்டாவதைத் தொடங்கினால் அது கறுப்பாகவே நின்றது. கேபிளை மாற்றினேன். தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி, நேரத்தோடு நோட்டில் குறித்தேன். புதன் மாலைக்குள் முப்பத்தொரு சோதனை. முப்பத்தொன்றுக்கும் எதிரே 'இல்லை'.

வியாழன் காலை அவன் டீ டம்ளரோடு வந்து நின்றான்.

"இன்னா மச்சி, இன்னும் ஒத்தக் கண்ணுதானா?"

"வரும்."

"படத்த எப்டி கேக்கற? முழுசாவா, சுருக்கியா?"

"முழுசா. சுருக்கினா ஜரிகை நூல் தெரியாது."

"ரெண்டும் முழுசா ஒரே வழியில வந்தா எப்டி போவும்? தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவுல ரெண்டு லாரி வுட்ட மாரி கீது."

என் கீபோர்டை இழுத்து, படத்தைச் சுருக்கிக் கேட்கும்படி ஒரு வரியை மாற்றினான். இரண்டு படமும் வந்தன. டம்ளரில் டீ இன்னும் பாதி இருந்தது.

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். 'சுருக்காத படம் மட்டுமே' என்று நானே எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். எல்லாவற்றையும் சோதித்த நான் அந்த ஒன்றைத் தொடவில்லை.

முதலாளி அம்மா வந்து பார்த்தார். "அவர் வந்து நின்னாலே போறும், இல்லையா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

அன்று மதியம் சாப்பிடப் போகாமல் மேஜையிலேயே உட்கார்ந்தேன். அவன் செய்தது தப்பு என்று காட்ட வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. கடை அனுப்பியிருந்த குறைப்புடவைகள் ஆறு. குறை உள்ள ஒவ்வொரு இடத்தையும் அளந்து, என் முறையில் ஒரு படம், அவன் முறையில் ஒரு படம் எடுத்தேன். அறுந்த ஜரிகை அவன் படத்தில் மறைந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் எடுத்தேன். ஐந்தாவது புடவையில் ஓரிடம் மங்கியது. சந்தோஷத்தில் எழுந்தே விட்டேன். பார்த்தால் லென்ஸில் என் விரல் பட்ட தடம். துடைத்ததும் நூல் தெரிந்தது. அதையும் குறித்தேன். குறிக்காமல் விட எனக்கு வராது.

வெள்ளி மாலை எண்பத்து நான்கு இடம் முடிந்தது. ஒன்றில்கூட அவன் தோற்கவில்லை.

பிரிண்டரில் இருந்த என் ஒப்பீட்டுத் தாள்களை முதலாளி அம்மா எடுத்துப் பார்த்தார். "சுருக்கினா குறை தெரியுமான்னு கடைக்காரா கேட்டா என்ன சொல்றதுன்னு கவலைப்பட்டுண்டிருந்தேன். நீங்க பண்ணியே வெச்சுட்டேள். நாளைக்கு நீங்களே பேசுங்கோ."

அவனும் தாள்களைப் புரட்டினான். "எனக்காவ ரெண்டு நாள் குந்திகினு இத்தப் பண்ணிகீறியே மச்சி. நானா இருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை கடையில் நான்தான் பேசினேன். பொறுப்பும் என்னிடமே நின்றது. மேஜையைத் தூக்க அவனும் வந்திருந்தான். அந்தத் தாள்களில் இரண்டாம் பக்கத்தை நான் படித்துக்கொண்டிருக்கும்போது கடை மேலாளர் அவனிடம் திரும்பி, "இதை நீங்கதான் சரி பண்ணதா மேடம் சொன்னாங்களே?" என்றார்.

"அவருதான் சார் எல்லாம். நான் டேபிள் தூக்க வந்தவன்."

எல்லோரும் சிரித்தார்கள். இதையும் இவன் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளில் இன்னும் ஆறு பக்கம் இருந்தது. விட்ட வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.