பொந்து எண் 27

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகம் இருந்தால் என்னோடு வேலை பார்த்த மூத்தவர் கவாசே-சானைக் கேளுங்கள். அவருக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு வரும். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

பறவை ஆய்வுதான் எங்கள் வேலை. வருஷா வருஷம் ஆகஸ்டில் நானும் அவரும் ஆளில்லாத ஒகினோசே தீவுக்குப் போய்க் கடல்பறவைப் பொந்துகளை எண்ணுவோம். இந்தப் பறவைகள் மண்ணுக்குள் கை நீளத்துக்குப் பொந்து தோண்டி, ஒரே ஒரு முட்டை இடும். தீவின் அடியெல்லாம் பொந்துதான். கால் புதைந்துவிடாமல் இருக்கச் செருப்பில் அகலமான பலகை கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். கட்ட மறந்தால், "நடக்கிறியா, குழி வெட்டுறியா?" என்பார் கவாசே-சான்.

போன வருஷம், ஆகஸ்ட் 9, மாலை 4:10. கடல் பொங்குகிறது என்று படகுக்காரர் ஹாரன் அடித்தார். கவாசே-சான் முன்பே கரைக்கு இறங்கிவிட்டார். நான் பலகையைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன். 27-ஆம் பொந்து உடைந்து முழங்கால் வரை உள்ளே போனது. பாதத்துக்கு அடியில் மெத்தென்று ஏதோ துடித்தது. அடைகாத்துக்கொண்டிருந்த ஆண் பறவை. அதன் முதுகில் வெயிலில் சார்ஜ் ஆகும் ஜி.பி.எஸ் கருவியைக் கட்டியதே நான்தான். ஐந்து நிமிஷம் தோண்டியிருந்தால் பிழைத்திருக்கும். மறுபடியும் ஹாரன். மண்ணைத் தள்ளி மட்டமாக்கினேன். நோட்டில் 'காலி' என்று எழுதினேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம், அதே தேதி. மாலை 7:40. கடலிலிருந்து திரும்பிய பறவைகள் மரக்கிளைகளில் மோதித் தொப் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தன. பதிவு செய்த ஆண் குரலைப் பொந்தின் வாயில் 30 விநாடி ஒலிக்கவிட வேண்டும். உள்ளே ஆண் இருந்தால் பதில் கத்தும். நான் கேட்டுச் சொல்வேன். இருபதடி தள்ளி நின்று கவாசே-சான் எழுதுவார்.

26-இல் பதில் வந்தது. பேசாமல் 28-க்கு நகர்ந்தேன்.

"தொகாவா, 27-ஐ விட்டுட்ட."

"அது காலி, கவாசே-சான்."

"காலியையும் கேட்டுத்தான் எழுதணும். உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

திரும்பி வந்தேன். பொந்துக்கு வாயே இல்லை. மேலே புல் முளைத்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன். தீவெங்கும் பறவைகள்... இங்கே மட்டும் பத்தடிக்கு ஒன்றுகூட இல்லை.

7:52. குரலை ஒலிக்கவிட்டேன். நிறுத்தினேன். காத்திருந்தேன்.

பீ...வீ... பீ...வீ...

மண்ணுக்கு அடியிலிருந்து.

"பதில் இருக்கா?" என்றார்.

ஆமாம் என்றால் பொய் வெளியே வரும். வேலை போகும். இந்தத் தீவுக்கு இனி வரவே முடியாது. அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

"இல்ல."

தீவே அடங்கியது. ஆயிரக்கணக்கான பறவைகள்... ஒரே நொடியில்.

7:54.

டக்.

என் இடது பலகை. கீழேயிருந்து.

டக்... டக்...

"கவாசே-சான்... போன வருஷம் நான்தான் மிதிச்சேன். உயிரோட மூடிட்டேன்."

அவர் வந்து மண்டியிட்டார். இருவரும் வெறுங்கையால் தோண்டினோம்.

காய்ந்த இறகு. எலும்பு. முட்டை ஓட்டுத் துண்டுகள். ஒரு சிறகு மட்டும் மேல்நோக்கி நீட்டியபடி... முதுகில் கருவி.

"இது செத்து ஒரு வருஷம் ஆச்சு," என்றார். "பதில் எனக்கும் கேட்டுச்சு. நீ இல்லன்னு சொன்னப்ப, எனக்கு மட்டும்தான் கேட்குதோன்னு பயந்துட்டேன்."

ஊருக்குத் திரும்பியதும் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வேலை போனது.

பத்து நாள் கழித்துக் கவாசே-சான் போன் செய்தார். கருவியில் இருந்த பதிவை எடுத்துவிட்டார்களாம். மண்ணுக்குள் வெயில் ஏது? நாலே நாளில் அணைந்திருக்க வேண்டிய கருவி. ஆனால் முழு வருஷப் பதிவும் இருந்தது.

நவம்பரில் மற்றப் பறவைகளெல்லாம் தெற்குக் கடலுக்குப் போயிருக்கின்றன. பதிவின்படி இது போகவில்லை. நேராக நான் குடியிருக்கும் சகாதா நகருக்கு வந்திருக்கிறது. மார்ச் வரை, தினமும் இருட்டியதிலிருந்து விடியும் வரை, ஒரே இடம். தரையிலிருந்து ஒன்பது மீட்டர் உயரம்.

"அந்த இடத்துல என்ன இருக்கு, தொகாவா?" என்று கேட்டார்.

என் படுக்கையறை ஜன்னல்.