ஆடிக் காற்றில் ஓடிய கிராபிக்ஸ் கார்டு

2008, ஆடி மாதத்துச் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்துநான்கு ரூபாய். கைப்பையில் ஒரு ஸ்குரூடிரைவர், ஒரு டார்ச், நான் வரைந்த வீடு அடங்கிய சி.டி. பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறேன் என்றதும், பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு ஏற்பாடு செய்வதில்லை என்று என் கணவர் கிண்டலடித்தார். அவருக்கென்ன, திங்கட்கிழமை கட்டடக்காரர் முன்னால் நிற்கப்போவது நான்தானே.

வீடு கட்டுமுன்பே அதைக் கணினியில் எழுப்பி, வாசல் முதல் மொட்டைமாடி வரை நடந்து காட்டுவது என் தொழில். படத்தைத் திரையில் ஓடவைக்கும் கார்டு நன்றாக இல்லாவிட்டால் அது நடக்காது. போன மாதம் நான் வாங்கிய பழைய கார்டு போன வாரம் கருகிவிட்டது. விற்ற ஆள் அதை ஓவர்கிளாக் செய்திருக்கிறான். அதாவது, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே முடுக்கி, கரும்புபோலப் பிழிந்துவிட்டுச் சக்கையை என் தலையில் கட்டியிருக்கிறான். திங்கட்கிழமை வீட்டைக் காட்டாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டடக்காரர் சொல்லியிருந்தார். புதுக் கார்டு வாங்கப் பணத்துக்கு வழியில்லை. ஓடைப்பட்டியில் செல்வம் என்ற திராட்சை விவசாயி ஒரு கார்டு விற்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். கம்ப்யூட்டர் விளையாட்டில் பைத்தியமாம். ஓவர்கிளாக் பக்கமே போனதில்லை என்று அடித்துச் சொன்னார். எனக்கு முன்பு விற்றவனும் அப்படித்தான் சொன்னான்.

ஏழரை மணிவாக்கில் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் காற்று பஸ்ஸைப் பிடித்து உலுக்கியது. என் முந்தானை பக்கத்தில் இருந்த அம்மாளின் முகத்தில் போய் விழுந்தது. அவர் சின்னமனூர்க்காரர். "சன்னலச் சாத்துங்க தாயி. இங்கன இருந்து கம்பம் வரைக்கும் இந்தக் காத்துதேன். ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், நம்ம எம்மாத்திரம்" என்றார். சாத்தினேன். தேனியில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு சின்னமனூர் பஸ். அங்கிருந்து டவுன்பஸ்ஸில் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் திராட்சைப் பந்தல். தூரத்தில் காற்றாலைகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

பத்தரை மணிக்குச் செல்வத்தின் வீடு. முப்பது வயதிருக்கும், சிரித்த முகம். அவர் மனைவி பாண்டியம்மாள் ஒரு தட்டு நிறையத் திராட்சையை வைத்தார். நான் வந்த வேலையில் இறங்கினேன். கணினியில் பார்த்தால் வேகம் கம்பெனி வைத்த அளவில்தான் இருந்தது. அதில் நம்பிக்கை வைக்க முடியாது, ஏற்றிய வேகத்தை ஒரு நிமிடத்தில் இறக்கிவிடலாம். பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றினேன். விசிறியின் திருகுகளில் கீறல் இல்லை, யாரும் கழற்றியதில்லை. முதுகுப்பக்கம் சூட்டில் பழுப்பேறவில்லை. விரலால் சுண்டினால் விசிறியும் ஆட்டமில்லாமல் சுற்றியது. அப்பாடா என்று இருந்தது.

ஆனாலும் பழக்கம் விடவில்லை, பெட்டிக்குள் டார்ச் அடித்தேன். ஒயர்களின் மேலெல்லாம் செம்மண். மூலையில் காய்ந்த திராட்சை இலைத் துண்டு ஒன்று. மூடிய பெட்டிக்குள் இலை எப்படி வரும்? பக்கவாட்டு மூடியைத் திருப்பிப் பார்த்தேன், உள்பக்கத்தில் தூசியே இல்லை. தலையைத் தூக்கினால் மேற்குச் சன்னலோரம் ஒரு மேசை. மேலெல்லாம் மண் படிந்திருக்க, நடுவில் மட்டும் பெட்டி அளவுக்குச் சுத்தமாக ஒரு கட்டம்.

வேகத்தை ஏற்றினால் கார்டு கொதிக்கும், அதைத் தணிக்கத்தான் இந்தக் காற்று. "தம்பி, இந்தப் பெட்டி மூடியில்லாம அந்தச் சன்னல்லதான இருந்துச்சு? காத்து எதுக்குத் தேவைப்பட்டுச்சு?"

பாண்டியம்மாள் சிரித்துவிட்டார். "நல்லாக் கேளுங்கக்கா. நீங்க வாரீகன்னு காலையிலதேன் அதுக்கு மூடியப் போட்டாக. அதுவரைக்கும் அம்மணமாத்தேன் கெடந்துச்சு."

"பொய் சொன்னது தப்புதேன்க்கா" என்றார் செல்வம். "ஆடிக் காத்து அடிக்கையில மட்டும் கொஞ்சம் ஏத்துவேன். காத்து நின்னா எறக்கிருவேன். காத்து இல்லாம ஒருநாக்கூட ஏத்துனதில்ல. அதோட முதுகத் திருப்பிப் பாருங்க, சூடுபட்ட தடமே இருக்காது."

காற்றைப் பார்த்துத் தூற்றிக்கொள்கிற ஊர்க்காரர்தான். கோபம் வந்தது. ஆனால் பழுப்பேறாத அந்த முதுகு அவருக்குச் சாட்சி சொன்னது. சரி, கார்டையே கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். மேற்குச் சன்னலைச் சாத்தச் சொன்னேன். கார்டை மாட்டிப் பெட்டியை மூடி, என் சி.டி.யைப் போட்டு, வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டேன்.

அறை புழுங்கியது. விசிறி இரைந்தது. பழைய கார்டு சாகுமுன் முன்வாசல் தூணில்தான் சிவப்புப் புள்ளிகளாகக் கக்கியது. அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றியது, பாண்டியம்மாள் முறத்தால் விசிறிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. தூணில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"எடுத்துக்கிறேன்" என்றேன். செல்வம் ஓடிப்போய்ச் சன்னலைத் திறந்தார். காற்று உள்ளே பாய்ந்து, தட்டில் இருந்த திராட்சைக் காம்புகளை வாரிக்கொண்டு போனது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அவரால் என்னை ஏமாற்றவும் முடியவில்லை, நான் வெறுங்கையோடு திரும்பவும் இல்லை. மூன்றரை மணி பஸ்ஸில், மடியில் கார்டும் காலடியில் ஒரு கூடைத் திராட்சையுமாக ராணிபோல உட்கார்ந்து வந்தேன். கணவாய் வரை சன்னலைச் சாத்தவே இல்லை.

திங்கட்கிழமை கட்டடக்காரர் என் திரையில் வாசல் ஏறினார், மாடி ஏறினார், மொட்டைமாடியில் நின்று நாலாபக்கமும் பார்த்தார். ஓரிடத்திலும் படம் தடுக்கவில்லை. வேலை எனக்குத்தான் என்று சொல்லி முன்பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் என் கணவர் கார்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "நாமளும் கொஞ்சம் ஏத்திப் பார்ப்போமா?" என்றார். நான் எழுந்துபோய் எங்கள் சன்னலைத் திறந்தேன். இரண்டடியில் பக்கத்து வீட்டுச் சுவர். ஆடி மாதம்தான், ஆனாலும் திரைச்சீலை அசையவில்லை.

"இங்க வேண்டாம்" என்றேன்.