சிலைக்கு நின்ன ஆளு

எங்க ஊரு டவுன் பஸ்சுல ஏறி "சிலை ஒண்ணு குடுங்க"ன்னா, கண்டக்டர் எந்தச் சிலைன்னு கேக்க மாட்டாரு. நாட்டோட விடுதலைக்காக வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்ட ராசா, வாளைத் தூக்கிட்டு இரும்புக் கூண்டுக்குள்ள நிக்கிறாரே, அவருதான். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போற பொம்பளைங்க தூக்குவாளியோட ஜீப்புக்குக் காத்திருக்கிறது அவரு காலடியிலதான். நானும் அந்தக் கூட்டத்துல ரொம்ப வருசம் நின்னிருக்கேன். இப்ப போடியிலயே ஒரு கடையில காய் தரம் பிரிக்கிறேன்.

ஜீப்புக்கு நின்ன காலத்துலயே எனக்கு ஒரு கேள்வி. ராசா காலத்துல போட்டோ ஏது? காலண்டர்ல ஒரு மூஞ்சி, சுவரொட்டியில ஒரு மூஞ்சி, பள்ளிக்கூடத்துச் சுவத்துல இன்னொரு மூஞ்சி. அப்ப இந்தச் சிலைக்கு யாரு மூஞ்சி? கூட நிக்கிறவங்ககிட்டக் கேட்டா, "ஜீப்பு வருதான்னு பாருடி, அவரு மூஞ்சியைப் பாத்து என்ன ஆகப் போகுது"ன்னு வைவாங்க.

ஏன் கேட்டேன்னா, எங்கம்மா ஒண்ணு சொல்லிருந்துச்சு. "அந்தச் சிலைக்கு உங்கப்பாதான் நின்னாரு." எங்கப்பா ஏலக்காய் மூட்டை தூக்குற லோடுமேன். நல்ல ஒசரம், நல்ல தாட்டியம். சிலை செய்ய வந்தவர் ஆளைப் பாத்துட்டு, கையில ஒரு கம்பைக் குடுத்து நிக்கச் சொன்னாராம். நான் தவழுறப்பவே போடிமெட்டு வளைவுல ஜீப்பு உருண்டு அப்பா போயிட்டாரு. வீட்டுல ஒரு போட்டோ கெடையாது. மேல எஸ்டேட் கோயில்ல தாலி கட்டிக்கிட்டவங்களை யாரு வந்து போட்டோ புடிப்பா? அதனால எனக்கு அப்பான்னா அந்தச் சிலைதான். காய்ச்சல்ல கெடந்தாலும் அந்த மீசையும் அந்த மூக்கும்தான் கண்ணுக்குள்ள வரும்.

ஆனா எங்கம்மா கதை விடுற ஆளு. மலையில ஒரு யானையை மொறத்தைத் தட்டியே வெரட்டுனேன்னு இன்னிக்கும் சொல்லும். அதனால எனக்குச் சந்தேகமும் தீரல, ஆசையும் விடல. ஜீப்போட சைடு கண்ணாடியில என் மூக்கைப் பாப்பேன், அப்புறம் அண்ணாந்து அவரு மூக்கைப் பாப்பேன். ஒரு நாள் ஒண்ணு போலத் தெரியும், மறுநாள் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். கிட்டப் போயிப் பாக்கலாம்னா பீடம் ஒசரம், மூஞ்சிக்கு நேரா கம்பி வேற.

இந்த வருசம், ராசாவுக்கு விழா எடுக்குற குழுவுல சிமெண்டுச் சிலையை எடுத்துட்டு வெங்கலத்துல வைக்கிறதுன்னு முடிவு பண்ணாங்க. புதுசா வர்றவருக்கு எந்த மூஞ்சியோ, யாரு கண்டா. நிசமோ பொய்யோ, எங்கப்பாவுக்குன்னு எங்கிட்ட இருக்கிறது அந்த ஒரு மூஞ்சிதான். சிலையை எறக்குற அன்னிக்குக் கடையில லீவு சொல்லிட்டு அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

நாங்க போறதுக்குள்ள எறக்கி, ரோட்டோரமா தார்ப்பாயில மல்லாக்கப் படுக்க வச்சிருந்தாங்க. குழுவுல ஒருத்தர்கிட்ட, "அண்ணே, லாரி வர்றதுக்குள்ள ஒரு தடவை பாத்துக்கிறோம்ணே"ன்னேன். "வெரசா பாருங்கத்தா"ன்னு ஒதுங்கி நின்னாரு.

நான் தலைமாட்டுல உக்காந்தேன். வருசா வருசம் அடிச்ச பெயிண்டு, பரோட்டா மாதிரி ஏடு ஏடா உரிஞ்சுகிட்டு இருந்துச்சு. போனை எடுத்து மூஞ்சியைச் சுத்திச் சுத்திப் போட்டோ புடிச்சேன். அம்மா எம்பக்கம் வரவே இல்ல. நேரா கால்மாட்டுக்குப் போயி உக்காந்து, செருப்பில்லாத அந்தப் பாதத்தைத் தடவிக்கிட்டே இருந்துச்சு.

"இங்க வாம்மா. அப்பா மூஞ்சியைக் கிட்டத்துல பாரு."

"அது யாரோ."

"யாரோவா? அப்பான்னு நீதான சொன்ன?"

"நின்னாருன்னுதான சொன்னேன். கையும் காலும் ஒடம்பும்தான் அவரைப் பாத்துச் செஞ்சது. மூஞ்சி, காலண்டரைப் பாத்து வச்சாக. ஏத்தா, லோடுமேன் மூஞ்சியை ராசாவுக்கு வைப்பாகளா?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. இத்தனை வருசமா எவனோ வரைஞ்ச காலண்டர் மூஞ்சியைப் பாத்து அப்பா அப்பான்னு உருகியிருக்கேன். அழுகையும் வந்துருச்சு. ரோடுன்னும் பாக்காம கத்துனேன். "அப்ப அப்பா மூஞ்சி எப்படித்தாம்மா இருக்கும்? கூட வாழ்ந்தவ, நீயாவது சொல்லேன்."

பாதத்துலருந்து கையை எடுக்காம, அம்மா தலைமாட்டுப் பக்கம் திரும்பிப் பாத்துச்சு.

"நானும் நெனச்சு நெனச்சுதான் பாக்குறேன் ஆத்தா. எனக்கும் இந்த மூஞ்சிதான் வருது."