நாற்பத்து நான்கு பூச்சு

சாந்தாமணி வீட்டு பீரோவில் புடவைகளுக்குக் கீழ்த்தட்டுதான். மேலே இரண்டு தட்டிலும் ரயில் எஞ்சின்கள். பழைய நீராவி எஞ்சின்களின் பொம்மை வடிவங்கள், மொத்தம் ஒன்பது. அவள் பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். கணவர் திருமூர்த்தி டவுன் பஸ் கண்டக்டர். விருந்தாளி வந்தால் முதல் வேலையாக பீரோவைத் திறந்து காட்டுவார்.

"எனக்கு பஸ்ஸுங்க, அம்மணிக்கு ரயிலு. சொந்தமா ஒரு சைக்கிள் மட்டும் இன்னும் அமையலீங்க."

எண்பத்து மூன்றாம் வருஷம் வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து கருகிய மோட்டார்கள் பழுதுக்கு வந்தன. அந்த மரப்பெட்டியின் அடியில் கிடந்ததுதான் முதல் எஞ்சின். எஸ்டேட்காரர்கள் வேண்டாமென்று சொல்லிவிட, அவள் அதைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டாள். லேத்காரரிடம் சொல்லி ஒரு சாவி கடைந்து வாங்கி முறுக்கினாள். அது மேசை நீளத்துக்கும் ஓடிப்போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கூடவே காயில் சுற்றும் மெர்சியின் ரசம் சாதத்தில் விழுந்தது. மெர்சி திட்டித் தீர்த்தாள். சாந்தாமணி காதில் எதுவும் விழவில்லை. வெர்னியர் அளவுகோலை எடுத்துச் சக்கரங்களுக்கு நடுவே அளந்துகொண்டிருந்தாள். அந்தச் சக்கரங்கள் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கானவை. அது ஏன் முப்பத்திரண்டு?

பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஓர் ஆங்கிலக் கேட்லாக் பதில் சொன்னது. அந்த அளவுக்குப் பெயர் ஓ கேஜ். நிஜ எஞ்சினின் ஒவ்வோர் அடிக்கும் இதில் ஏழு மில்லிமீட்டர். அதற்குப் பிறகு போத்தனூர் ரயில்வே காலனி, குன்னூர் ஏலம், உக்கடம் பழைய இரும்புக் கடை என்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அவளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: மறுபடி பெயின்ட் அடித்த எஞ்சினை வாங்குவதில்லை.

தொண்ணூற்றைந்தில் அந்தக் கட்டுப்பாடு ஆட்டம் கண்டது. ஈரோட்டில் தன் தங்கை வீட்டுக்கு அடுத்த லேத் பட்டறையில், சாமி படத்துக்குப் பக்கத்தில், இதேபோல் ஒன்று இருப்பதாக மெர்சி சொன்னாள். "ஆனா பச்சைக் கொழுக்கட்டையாட்டம் இருக்குடி."

அப்படித்தான் இருந்தது. பட்டறைக்காரர் மருதாசலத்துக்கு அறுபது வயதுக்கு மேல். ஆயுத பூஜைக்கு லேத்துக்கும் டிரில்லுக்கும் பெயின்ட் அடித்து மிச்சம் இருப்பதை இதற்கும் ஒரு கை பூசிவிடுவது அவர் அப்பா காலத்துப் பழக்கம்; ஐம்பத்தொன்றில் ஆரம்பித்து நாற்பத்து நான்கு பூச்சு. சக்கரம் சுற்றவில்லை, ஜன்னல் மூடிப்போயிருந்தது. ஆனால் அந்த நீளமும் புகைபோக்கியின் வாகும் கேட்லாக்கில் அவள் பார்த்த எதிலும் இல்லை. கையில் எடுத்தாள். கனத்தது.

"பெயின்ட் கனமுங்க" என்றார் மருதாசலம். "ரயில்வே லோகோ ஷெட்ல இருந்த ஒரு துரை ஊருக்குப் போறப்ப எங்கப்பாவுக்குக் குடுத்தது. இது மிசினு, இதுக்கும் பூசை உண்டுன்னு சொல்லி வெச்சாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல."

"மிசினாமா மிசினு!" பட்டறை வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தெய்வாத்தாள் அங்கிருந்தே சொன்னாள். "வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து கேக்கறேன். பொம்மைக்குப் பொட்டு வெக்கற ஊடு இது ஒண்ணுதானுங்க."

"விலைக்குக் கேக்கலீங்க" என்றாள் சாந்தாமணி. "ஒரு கட்டைவிரல் அகலம் சுரண்டி, அடியில என்னன்னு பாத்துக்கறனுங்க."

மருதாசலம் தாடையைத் தடவினார். "சரி அம்மணி. தகரப் பொம்மையா இருந்துதுன்னா சும்மாவே எடுத்துட்டுப் போங்க, இவ வாயும் அடங்கும். மிசினா இருந்தா எடம் மாறாது. சாவி குடுத்து ஓடறதெல்லாம் பொம்மைக் கணக்குத்தான், சொல்லிப்போட்டேன்."

அவள் பெயின்ட் எடுக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு வைத்து, காயில் கம்பியைத் தள்ளும் மூங்கில் சிம்பால் மெல்ல வழித்தாள். பச்சை போய்ச் சாம்பல் வந்தது, சாம்பல் போய் நீலம். மருதாசலம் குனிந்து பார்த்தார்.

"இந்த நீலம் பெரிய லேத் வந்த வருசம். அறுபத்தெட்டு."

"நம்ம ஊட்டுக் கதவுக்கும் அதேதான அடிச்சீங்க" என்றாள் தெய்வாத்தாள். மிளகாயை விட்டுவிட்டு அவளும் வந்து நின்றிருந்தாள்.

சிவப்பு வந்தது; யாருக்கும் நினைவில்லை. மறுபடி பச்சை, பச்சை, பச்சை. மருதாசலம் கண்ணாடியை எடுக்க உள்ளே போனார். தெய்வாத்தாள் டீ வைக்கப் போனாள். அப்போதுதான் கடைசிப் பச்சை உரிந்தது. அடியில் கறுப்பு. பெயின்ட் இல்லை, கரி. நெருப்பு பட்ட கரி. சாந்தாமணி துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். மஞ்சளாக மின்னியது.

பித்தளை.

சாவி கொடுக்கிற எஞ்சினுக்குப் பித்தளை உடம்பு எதற்கு? உள்ளே தண்ணீர், அடியில் ஸ்பிரிட் விளக்கு. இது நிஜமாகவே ஆவியில் ஓடிய எஞ்சின், கொதிகலனோடு. ஆவியில் ஓடும் வகை ஒன்று உண்டு என்று கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி படித்ததோடு சரி.

அவள் கட்டைவிரல் தானாகப் போய் அந்த மஞ்சளை மூடிக்கொண்டது. தகரம்தானுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து மணி பஸ்ஸில் இது அவள் மடியில் வரும். மேல்தட்டில் இடம்கூட இருந்தது.

மருதாசலம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னங்க அம்மணி, தகரமா?"

தகரம் என்று கொண்டுபோனால் காலத்துக்கும் அது தகரம்தான். இந்தக் கரியைப் படியவைத்தது யார் என்று இந்தப் பட்டறையில் வந்து கேட்கவே முடியாது. கேட்காமல் இருக்க அவளால் ஆகாது. விரலை எடுத்தாள்.

"பித்தளைங்க. இது பாய்லருங்க. உங்கப்பா சொன்னது நெசம்."

மருதாசலம் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார். "தெய்வா! மிசினாமா!"

"ஓட்டிக் காட்டுங்க, அப்பறம் நம்பறேன்" என்று டீயோடு வந்தாள் அவள்.

"ஓட்டிருவோம். ஸ்பிரிட்டு இருக்குது."

"அய்யோ, வேண்டாமுங்க!" சாந்தாமணி எஞ்சினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எத்தனை வருசத்துப் பாய்லர்! மொதல்ல பச்சத்தண்ணி ஏத்தி அழுத்தம் பாக்கோணும்ங்க. கம்பெனியில சொல்லி பிரஷர் கேஜ் கொண்டு வாரேன், அடுத்த ஞாயித்துக்கிழமை."

"சரி, தண்ணி எங்க ஊத்தறது?" என்றார் மருதாசலம்.

எஞ்சினின் முதுகில் கட்டிபோல் இருந்த பெயின்ட் உருண்டையைச் சாந்தாமணி சுரண்டினாள். ஒரு திருகு மூடி வெளிப்பட்டது. மருதாசலம் மெல்லத் திருகிக் கழற்றினார். கவிழ்த்துத் தட்டியதும் காகிதத்தில் வெள்ளைச் செதில்கள் உதிர்ந்தன.

தெய்வாத்தாள் ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினாள். "இது நம்ம கெணத்துத் தண்ணி உப்பு. வெந்தண்ணிக் குண்டாவுல தெனமும் நாந்தான சுரண்டறேன்."

மருதாசலம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எங்கப்பா இத இங்கயே ஓட்டியிருக்காரு."

"உங்களுக்குக் காட்டவே இல்லீங்களா?" என்றாள் சாந்தாமணி.

"இல்லீங்களே. ஏன் காட்டலைன்னுதான் தெரியல."

"எப்புடிக் காட்டுவாரு?" என்றாள் தெய்வாத்தாள். "காட்டியிருந்தா அன்னிக்கே பிரிச்சுப் போட்டிருப்பீங்க. எங்கப்பன் ஊட்டு ரேடியோவ அப்படித்தான பண்ணுனீங்க!"